ஆறு இன்ச் குழாயும் அறுநூற்றுப் பதினோரு குடும்பமும்

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் வணக்கத்துடன் எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எதுவும் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நேற்று போனில் அரை மணி நேரம் விளக்கியும் நீங்கள், "தம்பி, நீ சொன்னதுல எனக்கு 'ஹலோ' மட்டும்தான் புரிஞ்சுது, எழுதி அனுப்பு" என்று வைத்துவிட்டீர்கள். எழுதுகிறேன். இத்துடன் ஒரு படிவமும் இருக்கிறது. அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஏன் என்பதை முழுதாகப் படித்த பிறகு போடுங்கள். போடாமல் இருந்தால் உங்களுக்கு நல்லது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இருக்கும் பம்ப் ஹவுஸ் காலனியை இருபதாம் தேதி இடிக்கப் போகிறார்கள் என்பதும், வீடில்லாதவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடியில் 3,700 வீடுகளுக்கு இந்த வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கிறார்கள் என்பதும், அதற்கு வந்த விண்ணப்பங்கள் 4,312 என்பதும், அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் தற்காலிக ஊழியன் நான் என்பதும் உங்களுக்குத் தெரியும். விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு வரி. வரிக்குள் ஒன்பது கட்டம்: எண், பெயர், முகவரி, மனைவி அல்லது கணவர் பெயர், தொழில், வீட்டில் எத்தனை பேர் என்று போகும். கட்டத்துக்குக் கோடு கிடையாது. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு நடுவில் ஒரு கமா, அவ்வளவுதான். உங்கள் தொழிலில் சொன்னால் கமா ஒரு ஜாயின்ட். கம்ப்யூட்டர் ஜாயின்டை எண்ணும், எட்டு இருந்தால் உள்ளே விடும், இல்லாவிட்டால் வெளியே தள்ளும். குழாய்க்குள் போவது தண்ணீரா சாக்கடையா என்று பார்க்காது.

முதல் தடவை ஏற்றினேன். 1,904 வரிகளில் பிழை. "எதிர்பார்த்த கட்டங்கள் 9, கிடைத்தவை 13" என்று சிவப்பில் வரிசையாக வந்தது. யார் யார் வெளியே என்று உட்கார்ந்து பார்த்தேன் சித்தப்பா. காரணம் முகவரி. கதவில் நம்பர் இருக்கிறவனுக்கு முகவரி "12 தோட்ட வீதி", முடிந்தது, ஒரு கமா கூடக் கிடையாது. கதவில் நம்பர் இல்லாதவன் என்ன எழுதுவான்? "பம்ப் ஹவுஸுக்குப் பின்னால், உடைந்த சுவர் தாண்டி, இடது பக்கம், தகரக் கதவு, தையல்காரி வீட்டுக்கு மாடியில்" என்று எழுதுவான். நாலு கமா. நாலு ஜாயின்ட் அதிகம். தூக்கி வெளியே போட்டது. ஆக வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கும் திட்டத்தில், வீடு இருக்கிறவர்கள் மட்டும் முதல் தடவையிலேயே உள்ளே போய்விட்டார்கள். அதில் எங்கள் மேலாளரின் மச்சானும் ஒருவர். இரண்டு மாடி வீடு, வாசலில் நாய், முகவரி மூன்று சொல். அவருடைய வரி வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது.

மேலாளருக்கு ஆபீஸில் 'சைபர்' என்று பெயர். திட்டுவதற்காக வைத்தது இல்லை, அவர் கேட்பது அது ஒன்றைத்தான். காலையில் வந்ததும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "எர்ரர் எத்தனைப்பா?" என்பார். 1,904 என்றேன். முகம் இருண்டுவிட்டது. உடனே வெளியிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டிவந்தார். கழுத்தில் அட்டை, கையில் எந்நேரமும் தண்ணீர் பாட்டில், வாயில் 'க்ளீன்' என்ற ஒரே சொல்.

"டேட்டா க்ளீனா இல்ல பிரதர். க்ளீன் பண்ணிரலாம்" என்றார்.

"எப்படி?"

"எர்ரர் வரியெல்லாம் டெலீட்."

"அது ஆளுங்க சார்."

"ஃபைல்ல அது வரி பிரதர்."

நான் கத்திவிட்டேன். சைபர் என்னைப் பார்த்து, "தற்காலிகம்ன்றத மறந்துராத" என்றார். நல்ல வேளையாக, ஆட்களை நீக்கினால் யாராவது எண்ணிப் பார்ப்பார்களோ என்று அவருக்கே பயம் வந்து, வேறு வழி பார்க்கச் சொன்னார். ஆலோசகர் ஏதோ ஒரு பெட்டியில் டிக் அடித்தார். "மிகுதிக் கட்டங்களைப் புறக்கணி" என்று அதற்குப் பெயர். பிழை ஒன்றும் இல்லாமல் எல்லாம் உள்ளே போய்விட்டது. சைபர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவை. பிறகு நான் உள்ளே திறந்து பார்த்தேன். முகவரியின் துண்டுகள் வலது பக்கமாக நகர்ந்து அடுத்தடுத்த கட்டங்களில் போய் உட்கார்ந்திருந்தன. உங்கள் தெரு தள்ளுவண்டிக்காரருக்கு மனைவி பெயர் 'உடைந்த சுவர் தாண்டி'. தையல்காரியின் தொழில் 'தகரக் கதவு'. அவர் வீட்டில் மொத்தம் 'தெருவிளக்கு எதிரில்' பேர். உண்மையான மனைவி, உண்மையான பிள்ளைகள் எல்லாம் மிகுதி. அவர்களைப் புறக்கணித்தாயிற்று.

இதைக் காட்டியதும் சைபருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கமாதானேய்யா பிரச்சனை? எடு எல்லாக் கமாவையும்!" என்று, நான் தடுப்பதற்குள் அவரே உட்கார்ந்து, தேடு-மாற்று என்பதைத் திறந்து, மொத்த ஃபைலிலும் ஒரு கமா மிச்சமில்லாமல் நீக்கி, நான்கு கணக்கெடுப்புகளில் வேலை பார்த்த தன்னுடைய அனுபவத்தின்படி, வரி முடியும் இடங்களையும் "வீணா இடம் அடைக்குது" என்று சேர்த்து நீக்கி, ஏற்று என்பதை அழுத்தினார். திரையில் பச்சையாக வந்தது: "1 பதிவு வெற்றிகரமாக ஏற்றப்பட்டது. பிழை: 0." அதாவது ஊரில் உள்ள வீடில்லாதவர்கள் மொத்தம் ஒரே ஆள். அவனுக்குப் பெயர் இரண்டு லட்சம் எழுத்து. சைபர் அதை மேலிடத்துக்கு நூறு சதவீதம் என்று அனுப்பிவிட்டார். மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது சித்தப்பா, சத்தியமாக. ஒரு முழு வாரம் எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரே ஆளுக்கு 3,700 வீடா என்று சாவி அடிக்கிறவர் போனில் கேட்ட பிறகுதான் கிழித்தார்கள்.

பழைய ஃபைலின் நகல் என்னிடம் இருந்தது. அதை எடுத்து, 1,904 முகவரிகளிலும் உள்ளே இருந்த கமாக்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, அங்கே வெறும் இடைவெளி விட்டேன். ஒன்பது நாள். ஆலோசகர் இந்த ஒன்பது நாளும் என் பின்னால் நின்று தண்ணீர் குடித்தார். பிறகு, முகவரி சரியா என்று மக்களே வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று நடைபாதையில் மேஜை போட்டோம். அன்றைக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? அச்சடித்த தாளை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்துவிட்டு அந்த நடைபாதையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டீர்கள்:

"என்னடா இது, 'பம்ப் ஹவுஸ் பின்புறம் 6 குழாய் அருகில்'? ஆறு குழாயா? காலனிக்கே ஒத்தக் குழாய்டா! ஆறு குழாய் இருந்தா நான் எதுக்குடா இங்க வந்து நிக்கிறேன்?"

"சித்தப்பா, மெதுவா. நீங்க எழுதினதுதான்."

"நான் எழுதினது ஆறு இன்ச் குழாய். இன்ச் குறி எங்க? ரெண்டு கோடு போட்டேனே மேல?"

"தட்டச்சு பண்ணவங்க விட்டுட்டாங்க."

"முப்பத்தோரு வருஷமா பைப் ஃபிட்டர் நான். அளவு போடாம குழாய்னு எழுதினா நாளைக்கு எவன் மதிப்பான்? போடு ரெண்டு கோடு."

போட்டேன். என் கையால்தான் போட்டேன், அதனால் பழி முழுதும் உங்கள் மேல் இல்லை. உங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற உங்கள் கூட்டாளி, காலனியின் கடைசிக் கதவுக்காரர், அவரும் உங்களைப் போல ஃபிட்டர், "அப்ப எனக்கும் போடு தம்பி. எங்க முனையில அது நாலு இன்ச். ஆறுல ஆரம்பிச்சு எங்ககிட்ட வர்றப்ப நாலாயிடும், தண்ணியும் அப்படித்தான்" என்றார். அவருக்கும் போட்டேன். இரண்டு ஃபிட்டர்களும் சந்தோஷமாகப் போனீர்கள். அன்று மாலை ஃபைலை மறுபடி ஏற்றினேன், பிழை ஒன்றுகூட வரவில்லை.

சித்தப்பா, அந்த இரண்டு கோடு உங்களுக்கு இன்ச். கம்ப்யூட்டருக்கு அது மேற்கோள் குறி. மேற்கோள் ஒன்று தொடங்கினால், அது மூடப்படும் வரை நடுவில் எத்தனை கமா வந்தாலும், எத்தனை வரி வந்தாலும், எல்லாம் ஒரே கட்டத்துக்குள் இருக்கும் ஒரே பேச்சு என்று எடுத்துக்கொள்ளும். இந்த ஃபைல் தெரு வரிசையில் அடுக்கியது. காலனியின் முதல் கதவு நீங்கள், கடைசிக் கதவு அவர். நீங்கள் ஆறு இன்ச்சில் திறந்தீர்கள், அவர் நாலு இன்ச்சில் மூடினார். நடுவில் இருந்த 611 குடும்பங்களும் உங்கள் முகவரிக் கட்டத்துக்குள் போய்விட்டார்கள். தையல்காரி, தள்ளுவண்டிக்காரர், காவலாளி, பிரசவத்துக்கு வந்திருக்கிற பெண், அவளுடைய மாமியார், எல்லாரும் இப்போது உங்களுடைய விலாசம்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், தையல்காரி நேற்றுக் காலை ஆபீஸுக்கு வந்து, "என் பேர் லிஸ்ட்ல இருக்கா தம்பி?" என்று கேட்டார். தேடினேன். நீங்கள் வந்தீர்கள். தள்ளுவண்டிக்காரரைத் தேடினேன். நீங்கள் வந்தீர்கள். காலனியில் யார் பெயரை அடித்தாலும் திரையில் உங்கள் பெயர்தான். தையல்காரி எட்டிப் பார்த்து, "அவருக்கு மட்டும் எத்தன வீடு தம்பி?" என்றார். இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் முகவரி உங்கள் கூட்டாளியின் வரியில் போய் முடிவதால், அதற்குப் பின்னால் வரும் கட்டங்கள் எல்லாம் அவருடையவை. எங்கள் அலுவலகப் பதிவின்படி, உங்கள் மனைவி இப்போது உங்கள் கூட்டாளியின் சம்சாரம். இதைச் சித்திக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

613 வரி ஒன்றாகிவிட்டதால் 4,312 போய் 3,700 ஆனது. வீடும் 3,700. சைபர் அந்த எண்ணைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார். 612 பேரை எப்படிக் கழிப்பது, யார் திட்டுவார்கள் என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் இருந்த மனிதர். ஓடிப் போய்ச் சொன்னேன்.

"சார், ஒரு காலனியே காணோம்."

"எர்ரர் எத்தனை?"

"சைபர் சார். ஆனா ஆளுங்க..."

"எர்ரர் சைபர்னா காணோம்னு எப்படிச் சொல்ற? காணாமப் போயிருந்தா கம்ப்யூட்டர் சொல்லியிருக்கும்ல?"

"ரெண்டு கோட்ட எடுத்தா எல்லாரும் வந்துருவாங்க சார். ரெண்டு நிமிஷ வேலை."

"ஏற்றி முடிச்ச பதிவ ஆபீஸ் தொடக்கூடாது. விதி. விண்ணப்பதாரரே எழுதிக் கேட்டா திருத்தலாம்."

"611 பேரையும் எழுதச் சொல்றேன்."

"அவங்க பேர்ல பதிவு இல்லையே. பதிவு இல்லாதவங்க எப்படித் திருத்தம் கேப்பாங்க?"

ஆலோசகர் பக்கத்தில் நின்று, "ரொம்ப க்ளீன் சார்" என்றார். அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. என் வேலை ஒப்பந்தம் மாத முடிவில் புதுப்பிக்க வேண்டும், அதனால் எறியவில்லை. இதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. யாரும் இவர்களை வேண்டுமென்று நீக்கவில்லை சித்தப்பா, யாருக்கும் அதற்கு நேரம் கூட இல்லை. முகவரிக்கு ஒரே ஒரு வரி விட்டு ஒருவன் படிவம் அச்சடித்தான், ஒருவன் டிக் அடித்தான், ஒருவன் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். இருபதாம் தேதி புல்டோசர் ஓட்டுகிறவனும் அப்படித்தான், கொடுத்த தாளைப் பார்த்து ஓட்டுவான்.

ஆகவே இப்போது காலனியில் பதிவு உள்ள ஒரே ஆள் நீங்கள். உங்கள் கூட்டாளியின் கையெழுத்தும் செல்லாது, அவர் உங்கள் விலாசத்தின் கடைசி வரி. நீங்கள் மட்டும்தான் திருத்தம் கேட்க முடியும். படிவத்தை நானே நிரப்பியிருக்கிறேன். "ஆறு அங்குலக் குழாய்" என்று எழுத்தால் எழுதியிருக்கிறேன், கூட்டாளியின் நாலு இன்ச்சையும் அப்படியே, கோடு கிடையாது. தயவுசெய்து உங்கள் ஃபிட்டர் கௌரவத்துக்காக மேலே கோடு போட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டால் 611 குடும்பங்களும் அவரும் திரும்பி வருவார்கள். ஆனால் 3,700 வீட்டுக்கு மறுபடியும் 4,312 பேர் ஆகிவிடும், குலுக்கல் நடக்கும், இப்போது கையில் இருப்பது போல இருக்கிற உங்கள் வீடு போனாலும் போகலாம். வீட்டுக்குள்ளேயே குழாய் வேண்டும் என்று சித்தி இருபது வருடமாகக் கேட்பது எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் குழாய் போட்ட மனுஷன் பொண்டாட்டி குடத்தோட நிக்கிறேன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் நீங்கள் வெளியே எழுந்து போவீர்கள், அதுவும் தெரியும். கேட்கக்கூடாததைத்தான் கேட்கிறேன். ஆனால் தையல்காரி நாளைக்கும் வந்து நிற்பார், நான் தேட வேண்டும், நீங்கள் வருவீர்கள்.

சித்திக்கு என் வணக்கம். தங்கச்சிக்குப் பரீட்சை நன்றாக முடிந்திருக்கும். பெரியவர்களுக்கு மரியாதையும் சின்னவர்களுக்கு அன்பும் நீங்களே பிரித்துக் கொடுத்துவிடுங்கள், யாருக்கு எது என்று எழுதினால் நடுவில் நிறைய கமா வரும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்,
தற்காலிக டேட்டா ஆபரேட்டர்.

பின்குறிப்பு (புதன்கிழமை காலை): சித்தப்பா, மேலே எழுதியது எதையும் செய்யாதீங்க. கையெழுத்துப் போட்டிருந்தா கிழிச்சுருங்க. உறையை ஒட்டுறதுக்காகத் தபால் பிரிவு அக்காகிட்ட போனேன். அங்க வீட்டு ஆணையெல்லாம் அச்சாகி வந்திருக்கு. எல்லாருக்கும் ஒரு தாள், உங்களுக்கு மட்டும் நாற்பத்து மூணு பக்கம். "யாருப்பா இது, விலாசமே நாற்பது பக்கம் வருது, எந்த உறையில போடறது?"ன்னு அக்கா திட்டிக்கிட்டே கடைசிப் பக்கத்தைக் காட்டினாங்க. சைபர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியாச்சு. அதுக்கு மேல பதினாலாம் நிபந்தனை: "ஆணையில் கண்ட முகவரியிலுள்ள எந்தக் கட்டடமும், ஆணை பெற்றவர் சாவி பெற்றுக்கொள்ளும் வரை இடிக்கப்படலாகாது." உங்க ஆணையில் கண்ட முகவரின்னா காலனி முழுசும் சித்தப்பா, முதல் கதவுலேர்ந்து கடைசிக் கதவு வரைக்கும், தையல்காரி மாடி உள்பட. அக்கா சத்தம் போடாம அதுல ஒரு நகலை இடிப்புப் பிரிவுக்கு அனுப்பிட்டாங்க. இருபதாம் தேதிய அவங்க அடிச்சுட்டாங்க, வேற தேதி போடல. "அந்த அறுநூத்துச் சொச்சம் பேருக்கும் தனித்தனியா வீடு கிடைக்கிற வரைக்கும் உன் சித்தப்பாவ அந்தச் சாவியத் தொடாம இருக்கச் சொல்லு"ன்னு அக்கா சொல்றாங்க. அதனால வெள்ளிக்கிழமை விழாவுக்கு வராதீங்க. யாராவது வீடு தேடி வந்து சாவி நீட்டினாலும் கைய நீட்டாதீங்க. உங்க ரெண்டு கோட்டையும், கூட்டாளியோட ரெண்டு கோட்டையும் எவனும் தொட விடாதீங்க. எத்தனை மாசம் ஆகும்னு தெரியாது, குடம் அதுவரைக்கும் குடமாத்தான் இருக்கும். இன்னொண்ணு, நீங்க சாவி வாங்குற வரைக்கும் ஆணைப்படி கூட்டாளி சம்சாரம்தான் உங்க சம்சாரம். சித்திகிட்ட அத நீங்களே சொல்லிக்குங்க.